ராவுத்தர்: ஒரு குடும்பப் பெயரின் வரலாறும் நமக்குரிய பாடமும்

 

 

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு நிக்காஹ் பேசப்பட்டது. மாப்பிள்ளை மார்க்கப் பற்றுள்ள பட்டதாரி. மணப்பெண் குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதக் கற்றவள். இரு வீட்டாரும் ஐவேளையும் பள்ளிக்கு வருபவர்கள். தேதி குறிக்கும் நாளில் மாப்பிள்ளையின் பெரியத்தா என்னிடம் வந்து, “ஹஜ்ரத், தஃப்தரை எழுத வேண்டாம். பெண்ணின் பாட்டனார் லெப்பையாம். நாங்கள் ராவுத்தர். ஒத்து வராது” என்றார். அந்தப் பாட்டனார் செய்த வேலை என்ன? நாற்பது ஆண்டுகள் ஒரு கிராமத்துப் பள்ளியில் பாங்கு சொன்னார். பிள்ளைகளுக்கு அலிஃப், பா ஓதிக் கொடுத்தார். மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டார். அவர் மீது சொல்லப்பட்ட குறை இவ்வளவுதான்.

நான் அன்று மறுத்துப் பேசவில்லை. வந்தவர் வயதில் மூத்தவர். பள்ளிவாசலுக்கு வாரி வழங்குபவர். தலையை ஆட்டி தஃப்தரை மூடி வைத்துவிட்டேன். அந்தத் திருமணம் நின்று போயிற்று. அன்று நான் சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன். இது எனக்கும் சேர்த்துச் சொல்லிக் கொள்ளும் உபதேசம்.

பெயரின் பொருள் என்ன?

வைகை பிறக்கும் வருசநாட்டு மலையடிவாரத்தில் உள்ள கடமலைக்குண்டிலிருந்து புறப்பட்டு, மேகமலைக்கு மறுபுறம் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால், உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் என்று எந்த ஊரிலும் பழைய நிலப் பத்திரங்களில் ‘ராவுத்தர்’ என்னும் பெயரைக் காணலாம். ஆனால் இந்தியா முழுவதையும் கணக்கில் கொண்டால் இது அரிய பெயரே. தமிழகத்தையும் கேரளத்தையும் தாண்டினால் இப்பெயரைத் தாங்கிய முஸ்லிம் குடும்பங்களைக் காண்பது அரிது.

பலர் இதை அரபுச் சொல் என்று எண்ணுகின்றனர். துருக்கிச் சொல் என்று வாதிடுவோரும் உளர். உண்மையில் இது இந்த மண்ணிலேயே வளர்ந்த சொல். ‘ராஜபுத்திர’ என்னும் வடசொல் பிராகிருத மொழியில் ‘ராவுத்த’ என்று திரிந்து, படைக்குதிரை ஏறுபவனைக் குறிக்கலாயிற்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் குதிரை வீரனைக் குறிக்கிறது. மராட்டியரிடையே உள்ள ‘ராவுத்’, வடநாட்டில் உள்ள ‘ராவத்’ ஆகிய குடும்பப் பெயர்களும் இதே வேரில் கிளைத்தவை. அவற்றைத் தாங்குவோரில் பெரும்பாலோர் இந்துக்கள். தமிழிலோ யானை நடத்துபவன் மாவுத்தன், குதிரை ஏறுபவன் ராவுத்தன் என்று இரு சொற்களும் இணைந்தே வழங்கின.

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில், மயில் மீது ஏறி வரும் முருகனை ‘ராவுத்தன்’ என்று விளிக்கிறார். அந்த நம்பிக்கை நம்முடையதன்று. ஆனால் மொழிச் சான்று என்ற வகையில் இது நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. அக்காலத் தமிழ் மக்களின் காதில் ராவுத்தன் என்பது மதத்தின் பெயராகவோ குலத்தின் பெயராகவோ ஒலிக்கவில்லை. மிடுக்காக வாகனம் ஏறி வரும் வீரனின் பெயராகவே ஒலித்தது.

குதிரை வந்த வழி

சொல் இந்நாட்டது, குதிரையோ கடல் கடந்து வந்தது. தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் நல்ல சாதிக் குதிரை வளர ஏற்றவை அல்ல. ஆகவே பாண்டிய மன்னர்கள் போர்க் குதிரைகளை அரபுக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வரவழைத்தனர். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த இந்த வணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விரிவாகப் பதிவு செய்துள்ளார். கைஸ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் என்பவர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். தமிழகக் கிழக்குக் கரையையே அரபியர் மஅபர் என்றனர். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியனின் கருவூலம் விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடம் உயர் பொறுப்பில் இருந்து இதைக் கவனித்து வந்தார்.

1,400 குதிரைகளுக்கு 220 தீனார் வீதம் கணக்கிட்டால் ஆண்டுக்கு 3,08,000 தீனார் ஆகிறது. ஒரு வணிகர் வழியாக மட்டும் ஒரு நாட்டின் பொன் இவ்வளவு வெளியே சென்றிருக்கிறது. அதே காலத்தில் காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை விரைவில் மடிந்து போவதையும், அவற்றைப் பேணத் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லாததையும் எழுதியுள்ளார்.

சகோதரர்களே, இங்கேதான் இந்தப் பெயரின் மதிப்பு விளங்குகிறது. பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரை, அதைப் பழக்கவும் ஏறவும் நோய் தீர்க்கவும் தெரிந்த மனிதன் இல்லாவிட்டால் ஓராண்டில் செத்துப் போகும். அந்த வித்தை அறிந்தவனுக்கு அரசவையில் இடம் கிடைத்தது. அவன் பெற்ற பட்டமே ராவுத்தன்.

1335-இல் மதுரையில் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டபோது குதிரைப் படையினர் மேலும் வந்தனர். அந்த ஆட்சி அரை நூற்றாண்டுக்குள் விஜயநகரத்தாரால் முடிவுக்கு வந்தது. ஆயினும் குதிரை வீரனின் தேவை முடியவில்லை. 1424 முதல் 1446 வரை ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர், தம் படையில் முஸ்லிம் வீரர்களைப் பெருமளவில் சேர்த்தார். அவர்களுக்கு நிலம் வழங்கினார். பள்ளிவாசல் கட்டிக் கொடுத்தார். அவர்கள் தமக்கு ஸலாம் செலுத்த மனம் ஒப்ப வேண்டும் என்பதற்காகத் தம் அரியணைக்கு முன் குர்ஆன் பிரதியை வைக்கச் செய்தார் என்று ஃபிரிஷ்தா என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். முஸ்லிம் வீரர் இந்து அரசருக்குப் பணியாற்றியதும், இந்து அரசர் அவரது ஈமானை மதித்ததும் இந்த நாட்டின் வரலாறு. இன்று நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கரையும் உள்நாடும்

நம் சமுதாயத்தின் பிற பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். மரக்கலத்தோடு தொடர்புடையவர்களுக்கு மரைக்காயர் என்று பெயர். வெற்றிலைக் கொடி வளர்த்தவர்களுக்குக் கொடிக்கால்காரர் என்று பெயர். பஞ்சு அடித்தவர்களுக்குத் துதேகுலா என்று பெயர். ஓதிக் கொடுத்தவரையும் நிக்காஹ் நடத்தி வைத்தவரையும் நம் தென் மாவட்டங்களில் லெப்பை என்றழைத்தனர். கப்பல் ஓட்டியவர், குதிரை ஏறியவர், கொடி நட்டவர், பஞ்சு கொட்டியவர், குர்ஆன் ஓதியவர் என அனைவரும் தத்தம் உழைப்பின் பெயரையே பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றனர்.

இந்தப் பெயர்கள் எங்கெங்கே பரவியுள்ளன என்பதும் தொழிலையே காட்டுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மரைக்காயர் மிகுதி. அவர்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி, கோவை போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் ராவுத்தர் மிகுதி. அவர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். கப்பல் நின்ற இடத்தில் மரைக்காயரும், குதிரை சென்ற இடமெல்லாம் ராவுத்தரும் தங்கினர் என்று இதை எளிதாக நினைவில் வைக்கலாம். கணவாய்களுக்கு அப்பால் கேரளத்தில் பாலக்காடு, இடுக்கி, கோட்டயம், பத்தனம்திட்டா பகுதிகளிலும் ராவுத்தர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

பின்னர் பீரங்கியும் துப்பாக்கியும் வந்தன. 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து, கும்பினி ஆட்சி நிலைபெற்றபோது பாளையங்களின் படைகள் கலைக்கப்பட்டன. லாயங்கள் வெறுமையாயின. குதிரை வீரனின் பேரன் ஏரைப் பிடித்தான். வெற்றிலைக் கொடிக்கால் போட்டான். தோலும் ஜவுளியும் விற்றான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு செழித்தபோது வயலும் தோப்பும் கொண்டான். குமுளி மலையேறி ஏலத்தோட்டம் போட்டான். தொழில் மாறிற்று; பெயர் மட்டும் மாறவில்லை. இன்று ராவுத்தர் என்னும் பெயருடையவரில் குதிரை ஏறத் தெரிந்தவர் எத்தனை பேர்? நாம் பெருமை பேசுவது, நமக்குத் தெரியாத ஒரு வித்தையின் பெயரை வைத்துக்கொண்டுதான்.

எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 42,29,479 பேர். மொத்த மக்களில் இது 5.86 விழுக்காடு. இவர்களில் ராவுத்தர் எத்தனை, மரைக்காயர் எத்தனை என்று அந்தக் கணக்கெடுப்பு பிரித்துச் சொல்லவில்லை. சுதந்திரத்திற்குப் பின் 1951 முதல் நடந்த கணக்கெடுப்புகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர மற்றவர்களின் உட்பிரிவுகள் எண்ணப்படவில்லை.

பெயரை வைத்து எண்ணலாமே என்றால் அதுவும் இயலாது. பெண்களின் பெயரோடு இந்தப் பட்டம் பெரும்பாலும் சேர்வதில்லை. பீவி என்றோ அம்மாள் என்றோதான் எழுதினர். ஆக, பாதிப் பேர் தொடக்கத்திலேயே விடுபடுகின்றனர். ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் அத்தாவின் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுப் பட்டத்தை விட்டுவிடுகிறோம். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் அங்குள்ள வழக்கப்படி ‘பின்’ சேர்த்துத் தந்தையின் பெயரை எழுதினர். கேரளத்தில்தான் இது இன்னும் குடும்பப் பெயராக விடாமல் எழுதப்படுகிறது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். மகனின் பெயரோடு அந்தப் பட்டம் வழங்கவில்லை. அதனால் அந்தப் பெருமகனாரின் கண்ணியம் குறைந்ததா? நாடே அவரைச் சமுதாய வழிகாட்டி என்றல்லவா அழைத்தது!

இப்போது ஒரு முக்கியமான செய்திக்கு வருகிறேன். தமிழக அரசு 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. அதற்குரிய பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன: அன்சர், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத். இதில் ராவுத்தர் எங்கே? தனி எண்ணில் இல்லை. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்னும் அதே இனத்தினுள் உட்படுத்தப்பட்டுள்ளனர். “லெப்பை வீட்டுப் பெண் வேண்டாம்” என்று சொன்ன அந்தக் குடும்பம், மகனைக் கல்லூரியில் சேர்க்கும்போது இந்தப் பட்டியலின் இதே வரியைக் காட்டித்தான் சான்றிதழ் வாங்கியிருந்தது. கல்லூரியில் இடம் கேட்கும்போது லெப்பையோடு ஒரே வரியில் நிற்கலாம்; கல்யாணப் பந்தலில் மட்டும் நிற்கக் கூடாதா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆவது வசனத்தில், மனிதர்களை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்ததையும், கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்பதையும், இறையச்சம் மிக்கவரே தன்னிடம் கண்ணியம் மிக்கவர் என்பதையும் அல்லாஹ் அறிவிக்கிறான். பெயர் அறிமுகத்திற்கு, தராசுக்கு அல்ல.

உறவைச் சேர்த்து வாழும் அளவுக்கு வம்சத்தைக் கற்றுக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாகத் திர்மிதீயில் வருகிறது. எனவே முன்னோரின் பெயரை அறிவது தவறன்று, விரும்பத்தக்கதே. ஆனால் குலப்பெருமை பேசுவதையும் பிறர் வம்சத்தைப் பழிப்பதையும் அறியாமைக் காலத்தின் எச்சங்கள் என்று நபியவர்கள் கண்டித்ததை முஸ்லிம் நூல் பதிவு செய்கிறது. ஒருவரின் அமல் அவரைப் பின்தங்கச் செய்துவிட்டால் அவரது வம்சம் அவரை முன்னேற்றாது என்பதும் அதே நூலில் உள்ள நபிமொழியின் கருத்தாகும்.

“கஃபாஅத், அதாவது பொருத்தம் பார்ப்பது மார்க்கத்தில் உள்ளதுதானே?” என்று சிலர் கேட்பர். உண்டு. அது மணப்பெண்ணின் நலனையும் அவளுடைய வலீயின் கண்ணியத்தையும் காக்க ஏற்பட்டது. ஆனால் நம் ஹனஃபி சட்ட நூல்களை ஓதியவர்களுக்கு ஒன்று தெரியும். வம்சத்தில் பொருத்தம் என்பது அரபியருக்கு மட்டுமே சொல்லப்பட்டது. அரபியர் அல்லாதார் தம் வம்சாவளியைக் காத்து வைத்தவர்கள் அல்லர் என்பதால், அவர்களிடையே அது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. தொழிலைக் கணக்கில் கொள்வதிலும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வழியாகவே இருவேறு அறிவிப்புகள் உள்ளன. கொள்ளலாம் என்றே வைத்துக் கொண்டாலும், குர்ஆன் ஓதிக் கொடுப்பதை இழிதொழில் என்று சொன்ன ஃபகீஹ் எவரேனும் உண்டா? ஆகவே “நாங்கள் ராவுத்தர், அவர்கள் லெப்பை” என்னும் பேச்சுக்கு நாம் பின்பற்றும் மத்ஹபில் இடமே இல்லை.

தொழிற்பெயரைச் சுமந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். குபா பள்ளியில் பாங்கு சொன்ன நபித்தோழர் ஸஅத் (ரலி) அவர்கள் ‘ஸஅதுல் கரழ்’ என்று அழைக்கப்பட்டார்கள். கரழ் என்பது தோல் பதனிட உதவும் ஒருவகை வேலமரத்தின் பொருள்; அவர்கள் அதை விற்று வந்தார்கள். வக்ஃபு சட்டத்தில் இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் நூலை எழுதிய இமாம் கஸ்ஸாஃப், செருப்புத் தைத்து உண்டவர். ஹிஜ்ரி 261-இல் மறைந்தார். குர்ஆனின் சட்ட வசனங்களுக்கு விரிவுரை எழுதிய இமாம் ஜஸ்ஸாஸின் பெயர் சுண்ணாம்பு வேலையைக் குறிக்கிறது. அவர் ஹிஜ்ரி 370-இல் மறைந்தார். இமாம் கஃப்ஃபால் மர்வஸி பூட்டுச் செய்தவர். இமாமுல் அஃழம் அவர்களே துணி வியாபாரி. இவர்களில் எவரும் அந்தப் பெயரை மறைக்கவில்லை. அதைக் காட்டி எவரையும் தாழ்த்தவும் இல்லை.

பெயரை என்ன செய்வது?

வேறொரு நாள் வெளிநாட்டில் பணிபுரியும் ஓர் இளைஞர் என்னிடம், “ராவுத்தர் என்பது சாதிப் பெயர், அதை அழித்துவிட வேண்டும் ஹஜ்ரத்” என்றார். அவருக்கும் சொல்கிறேன். முன்னோரின் உழைப்பை நினைவூட்டும் பெயரை அழிப்பது கடமையன்று. அதைக் கொண்டு பிறரை அளப்பதை விடுவதே கடமை. குதிரைகளோடு கியாமத் நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். அத்தகைய தொழிலின் பெயரைப் பற்றி வெட்கப்பட ஏதுமில்லை.

இந்தப் பெயருக்கு உண்மையிலேயே பெருமை சேர்த்தவர்கள் யார்? 1951-இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக நின்றவர் காஜாமியான் ராவுத்தர். 1956-இல் நம் உத்தமபாளையத்தில் தொடங்கிய கல்லூரி ஹாஜி கருத்த ராவுத்தரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வாசல்களில் நுழையும் பிள்ளையிடம் “நீ ராவுத்தரா, லெப்பையா?” என்று எவரும் கேட்பதில்லை. முஸ்லிமா, இந்துவா என்றும் கேட்பதில்லை. பெயர் கல்வியாக மாறியதால் நிலைத்தது.

நடக்கவிருக்கும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் பதிவு செய்யப்படும் என்று மத்திய அரசு 2025-இல் அறிவித்துள்ளது. கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வராத பெருமையைச் சேர்த்துச் சொல்வதும் பொய். உள்ள பெயரை மறைப்பதும் பொய். நம் பிள்ளைகளின் கல்விக்கும் வேலைக்கும் உரிய பங்கு இத்தகைய கணக்குகளிலிருந்தே தீர்மானிக்கப்படுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் ஒரு பதிவேடு வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களையும், அவர்கள் செய்த தொழிலையும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயரையும் விடாதீர்கள். அந்தப் பதிவேடு உறவைச் சேர்க்கப் பயன்படட்டும். நிக்காஹ் தஃப்தரின் பக்கத்தில் அதை வைத்து ஒப்பிட வேண்டாம்.

அந்த மணப்பெண்ணுக்குப் பின்னர் வேறு ஊரில் நல்ல இடத்தில் நிக்காஹ் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று மூடிய தஃப்தரும் என் மௌனமும் என் நினைவை விட்டு நீங்கவில்லை. நாளை மஹ்ஷரில் குதிரை ஏறியவரும் பாங்கு சொன்னவரும் ஒரே மைதானத்தில்தான் நிற்பர். அங்கே வந்தவர் எவருக்கும் வாகனமாக வம்சம் வரப்போவதில்லை.

வல்ல அல்லாஹ் நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து அவர்களின் கப்றுகளை ஒளியாக்குவானாக! பெருமையிலிருந்தும் தாழ்வு மனப்பான்மையிலிருந்தும் நம் குடும்பங்களைக் காப்பானாக! சத்தியத்தை உரிய நேரத்தில் சொல்லும் துணிவை நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.